மீன் தண்ணீர் குடித்த ரோஜாக்கள்

வீரம்மாள் அந்த மாதம் முழுக்கப் பூனைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் பூனைகளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அவை இத்தனை காலமும் பாசார் சந்தைப் பக்கமும் சீனன் சாப்பாட்டுக் கடைப் பக்கமும்தான் பிழைத்து வந்தன. திடீரென்று எல்லாமாகச் சேர்ந்து வந்து அவளுடைய ரோஜாப் பாத்தியைப் பிராண்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? விறகுக் கட்டையை எறிந்தாள். துடைப்பத்தை எறிந்தாள். ஒருநாள் கைக்கு வேறெதுவும் அகப்படாமல் புருஷன் நாகையாவின் செருப்பை எறிந்தாள். பூனை தப்பித்துவிட்டது, செருப்பு சாக்கடையில் போனது. நாகையா ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு வேலைக்குக் கிளம்பினார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை அவருக்கு. எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று நாளெல்லாம் தீர்மானிப்பவர், வீட்டில் எதையும் தீர்மானித்ததில்லை.

பூனை ஏன் வருகிறது என்று வீரம்மாள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் பின்னால் வந்த கேவலம் எதுவும் வந்திருக்காது. ஆனால் அவளுக்கு ஏசுவதற்கே நேரம் போதவில்லை, யோசிப்பதற்கு எங்கே போவாள்?

அவள் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். லயத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவள் அவள்தான். ஆனால் நின்றுகொண்டே ஏசுவாள். பிள்ளை பெறுகிறவளையும் ஏசுவாள், பிறந்த பிள்ளையையும் ஏசுவாள்.

அவளுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்று, பன்னீர். பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழன் வீட்டுக் கல்யாணம் என்றால் பந்தல் வாசலில் வெள்ளிச் செம்பில் தெளிப்பது வீரம்மாள் பன்னீராகத்தான் இருக்கும். கடையில் விற்கும் சீமைப் பன்னீர் கழுத்தில் காய்ந்ததும் மணம் போய்விடும். இவளுடையது மறுநாள் புடவையை மடிக்கும்போதும் மணக்கும். அதில் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலந்ததில்லை. கலக்கமாட்டாள் என்று லயத்துக்கே தெரியும். அவளைப் பிடிக்காதவர்களும் அவள் பன்னீரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

அந்தப் பன்னீருக்காக அவள் ரோஜாவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எஞ்சின் கொட்டகையில் கொட்டும் நிலக்கரிச் சாம்பலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து, மண்ணோடு கலந்து, மேடாகப் பாத்தி போட்டிருந்தாள். கோலாலம்பூரில் பெய்கிற மழைக்குத் தட்டையான பாத்தியில் ரோஜா நின்றால் வேர் அழுகிவிடும். கிளை வெட்டியதும் ஒரே ஒரு தடவை மக்கிய சாணி போடுவாள். அதோடு சரி. மொட்டு கட்டிவிட்டால் எருவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மழை வரும்போல இருந்தால் ஓடிப்போய்ச் செடியின் அடியில் கூரை வேயும் அத்தாப்பு ஓலையைச் சாய்த்து வைப்பாள். இலை கொஞ்சம் துவண்டு, பூ சிறுத்து, ஒரு குழந்தையின் கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி இருக்க வேண்டும். அதைத்தான் விடியும் முன்னே பறித்து அண்டாவில் போடுவாள்.

"செடிக்கு இப்படியா பட்டினி போடுவே? பாவம்டி," என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"தண்ணியும் எருவும் கொட்டுனா இலை கொழுக்கும், பூ பெருக்கும். உள்ளே எண்ணெய் ஊறாது. பூ பாக்கணும்னா லேக் கார்டனுக்குப் போ. பன்னீர் வேணும்னா வாய மூடிக்கிட்டு இரு!"

இவ்வளவு தெரிந்தவள்தான் கோட்டை விட்டாள்.

மருமகள் புஷ்பவல்லி வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் துறைமுகக் கூலி லயத்தில் பிறந்தவள். மகன் கன்னையா கிள்ளான் வண்டியில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். அவன் வண்டி துறைமுகம் போய்த் திரும்பும்போதெல்லாம் மாமனார் ஒரு கூடை மீன் கொடுத்தனுப்புவார். கெம்போங் மீனும் செலார் மீனும் வீட்டில் வந்து குவியும். உட்கார்ந்து கழுவுவது புஷ்பவல்லிதான்.

வந்த புதிதில் ஒருநாள் அவள் மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். வீரம்மாள் பார்த்துவிட்டாள்.

"அடி அறிவு கெட்டவளே! மீன் தண்ணிய எவளாச்சும் சாக்கடையில ஊத்துவாளா? அது செடிக்குச் சோறுடி! உங்க வீட்டுல ஒரு மிளகாச் செடி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். கப்பல்காரன் லயத்துல வளந்தவளுக்கு என்ன தெரியும்? இனிமே ஒரு சொட்டு வெளியே போச்சு, உன்னையும் கூடையில வெச்சு அந்த வண்டியிலேயே ஏத்தி அனுப்பிடுவேன்!"

லயத்துக் கோடி வீடு வரை கேட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பவல்லி காலி மண்சட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. "சரிங்க அத்தை," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வீரம்மாள் சொன்னது கொல்லையில் இருந்த முருங்கையையும் மிளகாயையும். அது தனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்பது அவள் எண்ணம்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ரோஜாப் பாத்தியின் ஓரச் செடியில் ஒரு பூ மலர்ந்திருந்தது. உள்ளங்கை அளவு இருந்தது. வீரம்மாள் அதைக் கொய்து தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். "பாத்தீங்களா? இது என் கை ராசி! துரை வீட்டுத் தோட்டத்துல இருக்கா இப்படி ஒரு பூ?" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். திரும்பி வந்து அதைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டுச் சிரித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்ற மருமகளைப் பார்த்தும் சிரித்தாள். புஷ்பவல்லிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாச் செடிகளும் அப்படியே பூத்தன. இலை கறுகறுவென்று தடித்தது. தண்டு விரல் பருமனுக்கு வந்தது. மொட்டுக் கட்டுகிற காலத்தில் செடி இப்படிக் கொழுத்து நின்றால் என்ன அர்த்தம் என்று வீரம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். பாத்தி ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். மழை என்று நினைத்துக்கொண்டாள். பார்த்ததை நம்ப அவளுக்கு மனமில்லை. பூவைப் பார்க்க வருகிறவர்கள் கன்னத்தில் கைவைத்து அதிசயிப்பது அவளுக்கு அவ்வளவு இனித்தது.

அப்போதுதான் சபாபதி கிராணி வந்தார். ரயில்வே ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, லயத்து முனியாண்டி கோயிலுக்கும் அவர்தான் தலைவர். மகள் ரமணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானில் பேர்போன குடும்பம், வண்டி நிறைய ஆட்கள் வருகிறார்கள். "வழக்கமா குடுக்குற மாதிரி ரெண்டு மடங்கு வேணும். முடியுமா வீரம்மா?" என்றார்.

"மூணு மடங்கே தரேன். பூவைப் பாருங்க கிராணி ஐயா," என்றாள் வீரம்மாள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில் அண்டாவை ஏற்றினாள். மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, மூங்கில் குழாயைச் செருகி, குழாயின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, கீழே பாட்டிலை வைத்தாள். நல்ல பூவாக இருந்தால் முதல் பாட்டிலின் கழுத்தில் எண்ணெய் மெல்லிய ஆடையாகப் படியும். அதைக் கோழியிறகால் தொட்டு எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். அதுதான் அத்தர். அந்த ஒரு துளிக்காகத்தான் செடியை அவ்வளவு பட்டினி போடுவது.

அன்றைக்கு இறகில் ஒன்றும் ஒட்டவில்லை.

"ஈர விறகைக் கொண்டாந்து போட்டா எப்படி எண்ணெய் இறங்கும்?" என்று நாகையாவின் மேல் பாய்ந்தாள். விறகு காய்ந்துதான் இருந்தது. நாகையா ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கி வைத்தார். நாளெல்லாம் ஆவிப் பக்கத்தில் நின்ற மூக்குக்கு வாசனை தெரியாது. அதனால் பாட்டிலை முகர்ந்தும் அவளால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. புதுப் பன்னீர் எப்போதும் கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கும், ஆறினால் மணம் ஏறும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கார்க்கு அடித்தாள். சாயங்காலம் இராஜம்மா வந்தாள். கோயில் முச்சந்தியில் பூக்கடை வைத்திருப்பவள், கல்யாண மாலைகள் கட்டுவது அவள். மாலையோடு சேர்த்துப் பாட்டில்களையும் தன் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். காலையில் பந்தலுக்கு அவள்தான் கொண்டுபோய் இறக்கினாள்.

கல்யாணப் பந்தலில் வீரம்மாள் முன்வரிசைக்குப் பின்னால், நல்ல புடவை கட்டிக்கொண்டு, பாராட்டு வரட்டும் என்று காத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். வாசலில் ரமணியின் தோழிகள் செம்பைக் குலுக்கித் தெளித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, கழுத்து நிறையக் காசுமாலை போட்டவள், முகத்தைத் துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒருமுறை முகர்ந்தாள். மறுமுறை முகர்ந்தாள்.

"எங்க கிள்ளான்ல சம்பந்தி வந்தா பன்னீர் தெளிப்போம். உங்க ஊருல பைப்புத் தண்ணி தெளிக்கிற வழக்கமா?"

சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். சபாபதி கிராணியின் முகம் கறுத்தது. செம்பைப் பிடுங்கித் தன் கையில் ஊற்றி முகர்ந்தார். பிறகு வீரம்மாளைத் தேடி வந்து அவள் கையை நீட்டச் சொல்லி ஊற்றினார்.

அவித்த கீரை வாசனை அடித்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ ரோஜா இருந்தது, இல்லாமலும் இருந்தது.

வீரம்மாள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தாள். அவளுக்குப் பயம் என்பது ஒரு நொடிக்கு மேல் தங்காது, உடனே கோபமாக மாறிவிடும். "இது என் பன்னீர் இல்ல!" என்று கத்தினாள். "நான் குடுத்தது வேற, இது வேற! வழியில மாத்தியிருக்காங்க!"

"வழியில யாரு மாத்துவா? மூணு மடங்கு தரேன்னு நீதானே சொன்னே? பூ போதலேன்னதும் தண்ணிய ஊத்தி மூணு மடங்காக்கிட்டே," என்றார் கிராணி. "என் சம்பந்தி முன்னால என் மூக்கை அறுத்துட்டியே."

தண்ணீர் ஊற்றினாய் என்ற சொல்லை வீரம்மாள் தன் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. தாலி கட்டும்வரைகூட அவள் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் இராஜம்மாவின் பூக்கடைக்குப் போய்க் கூடையைக் காலால் எத்திவிட்டாள். மல்லிகை தெருவெல்லாம் சிதறியது.

"ராத்திரி பூரா பாட்டிலு உன் வீட்டுலதானே இருந்துச்சு? என் பன்னீரைத் திருடி வெச்சுக்கிட்டு பைப்புத் தண்ணியக் கலந்தியாடி?"

இராஜம்மா லேசுப்பட்டவள் இல்லை. எழுந்து இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டாள். "உன் பன்னீரை வெச்சு நான் என்ன, குளிக்கவா போறேன்? நாக்கு அழுகிப் போகும் வீரம்மா, பாத்துப் பேசு. ஊருல உள்ளவங்க மேல எல்லாம் பழி போடுறியே, உன் வீட்டுல உன்கிட்ட நிமிந்து நின்னு பேச ஒரு ஆளு இருக்கா? மொதல்ல அதைப் பாரு!"

இருவரும் தலைமுடியைப் பிடிக்கிற நிலைக்குப் போனபோது யாரோ கிராணியைக் கூட்டி வந்தார்கள். அவர் இருவரையும் விலக்கிவிட்டார். "கத்துறதுல ஒண்ணும் தெரியப் போறதில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியாண்டி கோயிலுக்கு வாங்க. வீரம்மா, நீ சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. நான் தண்ணி கலக்கல, இராஜம்மாதான் கலந்தான்னு சொல்லு. சொல்லிட்டா உன் பேரு சுத்தம், இவ கடை இங்கே இருக்காது. சொல்லலேன்னா இனிமே இந்த லயத்துல ஒரு வாசல்லேயும் உன் பன்னீர் தெளிக்கக் கூடாது."

"இப்பவே வாங்க, இப்பவே அணைக்கிறேன்!" என்றாள் வீரம்மாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவர்களை முனியாண்டி விடமாட்டார் என்பதில் லயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுக்கும் இல்லை. தான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது பாத்தியில் மறுபடி பூனை. வீரம்மாள் துடைப்பத்தோடு ஓடினாள். பூனை ஓடிவிட்டது. அது பிராண்டிய குழியில் ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தாள். மீன் செதில். விரலால் கிளறினாள். சாம்பலுக்கடியில் செதிலும் செவுளும் குடலுமாகக் கிடந்தன, குப்பென்று வாடை அடித்தது. அடுத்த செடியின் அடியிலும் அதே. அதற்கடுத்த செடியிலும் அதே.

துடைப்பத்தைப் பிடித்தபடி அவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். அடுப்படிக் கதவு திறந்தது. ராத்திரி மீன் கழுவிய தண்ணீர் இருந்த மண்சட்டியோடு புஷ்பவல்லி வந்தாள். செடிகளுக்குப் பின்னால் குந்தியிருந்த மாமியாரை அவள் பார்க்கவில்லை. முதல் செடியின் அடியில் சாம்பலை ஒதுக்கினாள், நிதானமாக ஊற்றினாள், சாம்பலை மூடினாள். அடுத்த செடிக்குப் போனாள். ஒரு செடிக்குக் கூடுதல் ஒரு செடிக்குக் குறைச்சல் என்று ஆகிவிடாதபடி சட்டியை எட்டிப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

"அடிப்பாவி!"

சட்டி கீழே விழுந்து உடைந்தது.

"என் குடியைக் கெடுத்துட்டியேடி! ஊரே என்னை மோசக்காரின்னு சொல்லுதே, வீட்டுக்குள்ளேயே வெச்சிருக்கேனே வினையை! மொட்டு விட்ட செடிக்கு மீன் தண்ணியா? பச்சைப் பிள்ளைக்குக் கள்ளு ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கியே! யாரு சொன்னா உன்னை? எவ சொன்னா?" கையை ஓங்கிக்கொண்டு போனாள்.

"நீங்கதான் சொன்னீங்க!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று வீரம்மாளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"நீங்கதான் சொன்னீங்க அத்தை! செடிக்குச் சோறுன்னு லயமே கேக்குற மாதிரி கத்துனீங்க. எந்தச் செடின்னு சொன்னீங்களா? இந்த வீட்டுல நீங்க பாத்துப் பாத்து வளக்குறது ரோஜாதான். அதுக்குத்தான் ஊத்தணும்னு நினைச்சேன். மொதல்ல ஓரத்துல இருக்குற ஒரு செடிக்கு மட்டுந்தான் ஊத்துனேன், பயந்துகிட்டு. அதுல பெரிய பூ பூத்துச்சு. நீங்க அதைத் தூக்கிக்கிட்டு ஊர்கோலம் போனீங்க. என்னைப் பாத்துச் சிரிச்சீங்க." புஷ்பவல்லிக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அவள் அழவில்லை, கண்ணில் கோபம்தான் இருந்தது. "நான் இந்த வீட்டுக்கு வந்து நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சது அன்னிக்கு ஒருநாள்தான். அதான் எல்லாச் செடிக்கும் ஊத்துனேன்."

"கேட்டிருக்கலாமேடி! ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"உங்ககிட்ட யாரு கேக்க முடியும்? மாமா கேப்பாரா? உங்க மகன் கேப்பாரா? உப்பு எங்கே இருக்குன்னு கேட்டதுக்கு என் அப்பாவையும் அம்மாவையும் இழுத்தீங்க. கேட்டா ஒரு ஏச்சு, கேக்கலேன்னா ஒரு ஏச்சு. அடிக்கிறதுன்னா அடிங்க. அடிச்சிட்டு அந்தக் கிள்ளான் வண்டியில ஏத்தி விடுங்க, போயிடுறேன்!"

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. வீரம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாகையா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றார்.

"கேட்டீங்களா இவ பேச்சை?"

"கேட்டேன்," என்றார் நாகையா. "அவ சொல்றது சரிதான்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

வீரம்மாள் பகலெல்லாம் ஒன்றும் சாப்பிடவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அவளைப் பிடித்து ஆட்டியது. மருமகள் மேல் பட்டுப் பார்த்தாள், அது நிற்கவில்லை. புருஷன் மேல் பட்டுப் பார்த்தாள். பூனை மேல்கூடப் பட்டுப் பார்த்தாள். கடைசியில் இறகில் எண்ணெய் ஒட்டாத அந்தக் காலைதான் மறுபடி மறுபடி கண்முன் வந்தது. அன்றைக்கே அவளுக்குத் தெரியும். பெரிய பூவின் பெருமையை விட மனமில்லாமல் பாட்டிலை அடைத்து அனுப்பியது அவள் கைதான். ராசியான கை.

சாயங்காலம் முனியாண்டி கோயிலில் லயமே கூடியிருந்தது. இராஜம்மா ஒரு பக்கம் வெளிறிப்போய் நின்றாள். கடை போய்விட்டால் அவள் பாடு திண்டாட்டம்தான். புஷ்பவல்லி கூட்டத்தின் கடைசியில் மாமனாருக்குப் பின்னால் நின்றாள். சத்தியம் செய்தபிறகு மாமியார் தன்னைத்தான் நடுவில் இழுத்து நிறுத்தப் போகிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. ஓடிவிடாமல் வந்து நின்றாள்.

பூசாரி சூலத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார். வீரம்மாள் முன்னால் வந்தாள்.

"பன்னீர்ல நான் தண்ணி கலக்கல," என்றாள். "இராஜம்மாவும் கலக்கல. அவ பாட்டிலைத் தொறக்கவே இல்ல. நான் அவளைச் சொன்னது அநியாயம்."

கூட்டம் சலசலத்தது. கிராணி முன்னால் வந்தார். "அப்ப வேற யாரு?"

"செடி தண்ணி அதிகமாக் குடிச்சிடுச்சு, சோறு அதிகமாத் தின்னுடுச்சு. பூவுல எண்ணெய் இல்ல."

"செடி தானா போய்க் குடிச்சுதா? ஊத்துனது யாரு? நீதான் ஒருத்தரையும் பாத்தி பக்கம் விடமாட்டியே. உன் மருமகளா?"

புஷ்பவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பேரைச் சொன்னால் போதும். வீரம்மாள் பேர் சுத்தமாகிவிடும். கெட்டிக்கார மாமியாருக்கு வாய்த்த மக்கு மருமகள் என்று ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும், அந்தப் பெண் மட்டும் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"என் பாத்திக்கு நான் பொறுப்பு! ஊத்துனது யாரு, எடுத்தது யாருன்னு உங்களுக்கு எதுக்குக் கணக்கு?" வீரம்மாளின் குரல் பழையபடி எழும்பியது. "எண்ணெய் இறங்கலேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் கார்க்கு அடிச்சேன். பூ பெருசா இருக்கேன்னு பூரிச்சுப் போயிட்டேன். செடி கெட்டது என் வாயாலே, பன்னீர் கெட்டது என் திமிராலே. போதுமா?"

உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தினாள். தேவைக்கு மேல் அழுத்தினாள்.

கிராணிக்குப் போதவில்லை. தெரிந்தே கொடுத்தாய் என்றால் அது கலந்ததைவிட மோசம் என்றார். வரப்போகும் திருவிழாவுக்குப் பன்னீர் கிள்ளான் கடையிலிருந்து வரும் என்றார். கல்யாணங்களுக்கும் அப்படியே. இராஜம்மா மட்டும் போகும்போது அவள் பக்கத்தில் ஒரு கணம் நின்று, "கைக்கு விளக்கெண்ணெய் போடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வீரம்மாள் கத்தியை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். கொழுத்த கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினாள். மீன் ஊறிய சாம்பலை வழித்தெடுத்து முருங்கை அடியில் கொட்டினாள். கொப்புளம் வெடித்த கை எரிந்தது. வெட்டும்போது செடியை ஏசினாள், கிராணியை ஏசினாள், காசுமாலை போட்ட பெரியம்மாவை ஏசினாள். வாசலில் நின்ற மருமகள் பக்கம் திரும்பவில்லை. மருமகளும் வண்டி ஏறவில்லை.

செடி மறுபடி பட்டினி கிடந்து பூக்க மாதக்கணக்காகும். பூத்தாலும் வாங்க ஆள் இருக்குமா என்பது தெரியாது.

அந்த வாரக் கடைசியில் கன்னையா வழக்கம்போல மீன் கூடையோடு வந்தான். புஷ்பவல்லி கழுவி முடித்தாள். புதுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்து நடுவில் நின்றாள்.

"அத்தை! இந்தத் தண்ணிய எந்தச் செடிக்கு ஊத்துறது?"

லயத்துக் கோடி வீடு வரை கேட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரம்மாளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கண்ணு அவிஞ்சா போச்சு, இன்னுமா தெரியலே, பட்டும் புத்தி வரலியா என்று எத்தனையோ வார்த்தைகள் வரிசையில் நின்றன. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"முருங்கைக்கு!"

"ரோஜாவுக்கு?"

"ரோஜாவுக்கு ஒண்ணும் வேணாம்!"

"சரிங்க அத்தை."

அடுத்த கூடை வந்தபோதும் கேட்டாள். அதற்கடுத்த கூடைக்கும் அதே இடத்தில் நின்று, அதே குரலில் கேட்டாள். இவள் தெரிந்தேதான் கேட்கிறாள் என்று வீரம்மாளுக்கும் தெரியும், லயத்துக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள்.